துணி டயப்பரா, ‘பசுமை’ டயப்பரா: கழற்றிய பிறகு தொடங்கும் கணக்கு

பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது டயப்பர் மாற்ற வேண்டியிருக்கும். அந்த எண்ணிக்கை ஆறு மாதம்வரை எட்டாகவும், ஒரு வயதுவரை ஆறாகவும், அதன்பின் இரண்டரை வயதில் குழந்தை கழிப்பறைக்குப் பழகும்வரை ஐந்தாகவும் குறைகிறது என்று வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தால், மொத்தம் ஏறத்தாழ 5,300 மாற்றங்கள் ஆகின்றன. குழந்தைக்குக் குழந்தை இது கூடலாம், குறையலாம்; சில குழந்தைகள் நாலாயிரத்திலேயே முடித்துக்கொள்வார்கள். எப்படியிருந்தாலும், துணி டயப்பரா, ‘சூழலுக்கு உகந்தது’ என்று உறையில் அச்சிட்டு விற்கப்படும் எறியும் டயப்பரா என்று தீர்மானிக்க உட்காரும் பெற்றோர் முதலில் இந்த எண்ணைத்தான் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஒரு டயப்பருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள மிகச் சிறிய வேறுபாடும் கடைசியில் ஐயாயிரத்தால் பெருக்கப்படப் போகிறது.

துணியின் பக்கம் அந்த எண் எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம். இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைக்கும் வீட்டுக்கு 24 துணி டயப்பர்கள் போதும். அப்படியானால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 220 முறை பயன்படும்; இரண்டரை ஆண்டில் சுமார் 450 சலவைகள் நடக்கும். எறியும் டயப்பரின் பக்கம், ஒன்றின் எடை 40 கிராம் என்று கொண்டால் வாங்கும்போது 210 கிலோ; ஆனால் அது குப்பைக்குப் போகும்போது வெறும் 40 கிராமாகப் போவதில்லை. நனைந்து கனத்த டயப்பர் 200 கிராம் என்று வைத்தாலே, ஒரு குழந்தையின் பெயரில் ஒரு டன் ஈரக் குப்பை சேர்கிறது. 450 சலவையா, ஒரு டன் குப்பையா என்று கேட்டால் கேள்வி கொஞ்சம் தெளிவாகிறது, பதில் இன்னும் கிடைப்பதில்லை.

எங்கள் மூத்த குழந்தை பெரும்பாலும் எறியும் ‘பசுமை’ டயப்பரில் வளர்ந்தது, இளையது பெரும்பாலும் துணியில். இரண்டையும் கையாண்டபின் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுண்டு. விற்பவர்கள் எல்லோரும் டயப்பர் எதனால் செய்யப்பட்டது என்பதைப் பற்றியே பேசுகிறார்கள். தீர்மானத்துக்குரிய வேறுபாடுகளோ, குழந்தையின் இடுப்பிலிருந்து அதைக் கழற்றிய பிறகு அது எங்கே போகிறது, யார் கையில் போகிறது என்பதிலிருந்துதான் தொடங்குகின்றன. மூங்கில் இலை படம் போட்ட உறையை நம்பி ஓராண்டுக்கும் மேல் கூடுதல் விலை கொடுத்த பிறகே எனக்கு இது உறைத்தது.

‘சூழலுக்கு உகந்தது’ என்ற ஒரே சொல்லின்கீழ் உண்மையில் மூன்று வெவ்வேறு வாக்குறுதிகள் ஒளிந்திருக்கின்றன. மூலப்பொருள் தாவரத்திலிருந்து வந்தது என்பது ஒன்று. தயாரிப்பில் தீங்கான வேதிப்பொருள்கள் தவிர்க்கப்பட்டன என்பது இரண்டாவது. எறிந்தபின் மக்கிவிடும் என்பது மூன்றாவது. இவற்றில் ஒன்று உண்மையாக இருப்பதால் மற்ற இரண்டும் உண்மையாகிவிடாது. கரும்பிலிருந்து செய்த பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் இதற்கு நல்ல உதாரணம். அதன் கார்பன் கரும்பு வயலிலிருந்து வந்தது என்பது மெய்யே. ஆனால் வேதியியல்படி அது பெட்ரோலியத்திலிருந்து செய்த பாலிஎதிலீனேதான், மண்ணில் அதைப் போலவேதான் மக்காமல் கிடக்கும். மூங்கிலும் அப்படியே. மென்மையான மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி விஸ்கோஸ். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து மீண்டும் இழையாக இழுத்தெடுக்கிறார்கள். கார்பன் டைசல்ஃபைடு, ஆலையில் வேலை செய்பவர்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நச்சு. மூங்கில் வேகமாக வளர்கிறது என்பதால் மட்டும் அந்த ஆலை பசுமையாகிவிடுவதில்லை.

எறியும் டயப்பரைப் பிரித்துப் பார்த்தால் தோலைத் தொடும் நெய்யா விரிப்பு, அதற்குக் கீழே மரக்கூழ்ப் பஞ்சும் உறிஞ்சும் பொடியும் கலந்த நடுப்பகுதி, ஈரம் கசியாத பின்தாள், தொடைகளைச் சுற்றி எலாஸ்டிக், எல்லாவற்றையும் பிடித்துவைக்கும் பசை என்று அடுக்கடுக்காக இருக்கும். சாதாரண டயப்பரில் மேல்விரிப்பு பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். பசுமை வகைகளில் அந்த இடத்தில் சோள மாவுச்சத்திலிருந்தோ கரும்புச் சர்க்கரையிலிருந்தோ செய்யப்படும் பாலிலாக்டிக் அமில இழையோ, பஞ்சோ இருக்கும். அவற்றில் பலவற்றில் மரக்கூழ் குளோரின் சேர்மம் எதுவுமே படாமல் வெளுக்கப்பட்டிருக்கும். இது பாராட்டத்தக்க மாற்றம், ஏனென்றால் குளோரின் வாயுவால் வெளுக்கும் பழைய முறையில் டையாக்சின்கள் என்ற நச்சுப் பொருள்கள் உருவாயின. குளோரின் வாயுவைத் தவிர்த்துக் குளோரின் டையாக்சைடைப் பயன்படுத்தும் இடைப்பட்ட முறையும் உண்டு. உறையில் ‘குளோரின் இல்லை’ என்று இருந்தால், குளோரின் சேர்மமே படாததா, குளோரின் டையாக்சைடால் வெளுத்ததா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

நடுவில் இருக்கும் உறிஞ்சும் பொடிதான் இந்தக் கதையின் நாயகன், பசுமை டயப்பரிலும்கூட. சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற அந்தப் பொடி தூய நீரைத் தன் எடையைப் போல் நூறு மடங்குகளில் உறிஞ்சும்; சிறுநீரில் உப்பு இருப்பதால் அந்தத் திறன் பெரிதும் குறைந்து, முப்பது மடங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. அப்படியிருந்தும், 1980களில் அது டயப்பருக்குள் வந்தபின் தலையணை போலிருந்த டயப்பர்கள் மெலிந்தன, இரவு முழுவதும் ஒரே டயப்பர் தாங்கியது. இதற்கு ஈடான தாவரப் பொருள் பரவலாகப் புழக்கத்துக்கு வராததால், தாவர டயப்பர் என்று விற்கப்படும் பெரும்பாலானவற்றிலும் இந்தப் பொடியே இருக்கிறது, அது எளிதில் மக்குவதில்லை. அது நச்சு என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் ‘நூறு விழுக்காடு மக்கும்’ என்று சொல்லும் உறையைப் பார்க்கும்போது, இந்தப் பொடிக்கு என்ன ஆகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

மக்குதல் என்பது பொருளின் குணம் மட்டுமன்று, இடத்தின் குணமும்கூட. மக்கி உரமாகும் பொதியுறைகளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 13432, ஒரு பொருள் தொழில்முறை உரக்கிடங்கின் சூழலில் ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு உயிரியல் முறையில் சிதைய வேண்டும் என்று கேட்கிறது. அந்தச் சூழல் என்றால் ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் வெப்பம், போதிய காற்று, ஈரம், புரட்டிக்கொண்டே இருத்தல். பாலிலாக்டிக் அமிலம் அந்த வெப்பத்தில்தான் ஒழுங்காக உடைகிறது. தோட்டத்து மூலையிலுள்ள உரக்குழியில் அந்தச் சூடு நிலைப்பதில்லை. மலம் பட்ட டயப்பரைக் கிருமி அழியும் வெப்பம் வராத குழியில் போட்டு, அந்த உரத்தைச் செடிகளுக்கு இடுவது சுகாதாரக் கேடும்கூட. ஆக, டயப்பரைத் தனியாகச் சேகரித்து உரக்கிடங்குக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு இல்லாத இடத்தில், மக்கும் டயப்பர் மற்ற டயப்பர்கள் போகும் அதே குப்பைமேட்டுக்குத்தான் போகிறது.

குப்பைமேட்டின் அடியில் காற்று இல்லை. அங்கே மரக்கூழும் பஞ்சும் மாவுச்சத்துப் பொருள்களும் மெதுவாக, பிராணவாயு இன்றிச் சிதையும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. குப்பைமேட்டில் அந்த வாயுவைக் குழாய் போட்டு எடுக்காவிட்டால், அதிகம் சிதையும் டயப்பர் அங்கே சிதையாத டயப்பரைவிடக் கெடுதலாகக்கூட இருக்கலாம். இதைக் கேட்டதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் தன் ‘பசுமை வழிகாட்டி’யில், வழக்கமாகக் குப்பைமேட்டுக்குப் போகும் ஒரு பொருளை, அது ஓராண்டுக்குள் முழுதாகச் சிதையாவிட்டால் ‘மக்கும்’ என்று நிபந்தனையின்றிச் சொல்லக்கூடாது என்கிறது. எந்த நாட்டு உறையைப் படிப்பவருக்கும் இந்த அளவுகோல் உதவும்.

அப்படியானால் துணிதான் வெற்றி என்று முடித்துவிடலாமா என்றால், அங்கேதான் சலவைத் தொட்டி குறுக்கே நிற்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2005இல் வெளியிட்டு 2008இல் புதுப்பித்த, தயாரிப்பு முதல் குப்பைவரை ஒரு பொருளின் தாக்கத்தைக் கூட்டிப் பார்க்கும் வாழ்க்கைச்சுழற்சி ஆய்வு இந்த விவாதத்தில் நெடுங்காலம் மேற்கோள் காட்டப்பட்டது. இரண்டரை ஆண்டுக்கு எறியும் டயப்பரின் வெப்பமாக்கல் தாக்கம் ஏறத்தாழ 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், சராசரி முறையில் துவைத்த துணி டயப்பரின் தாக்கம் ஏறத்தாழ 570 கிலோ என்று அது சொன்னது. எறியும் டயப்பர்க்காரர்கள் இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் அதே அறிக்கையின் அடுத்த பக்கங்கள்தான் வீட்டுக்குப் பயன்படுபவை. இயந்திரத்தை நிறைத்துத் துவைத்து, எப்போதும் கொடியில் உலர்த்தி, அதே டயப்பர்களை இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் தாக்கம் 40 விழுக்காடு, அதாவது 200 கிலோவுக்கு மேல், குறைகிறது. எப்போதும் மின்னுலர்த்தியில் உலர்த்தினால் 43 விழுக்காடு கூடுகிறது. அதே துணிதான். அதை எப்படித் துவைக்கிறோம், எங்கே உலர்த்துகிறோம், எத்தனை குழந்தைக்குப் பயன்படுத்துகிறோம் என்பதில் மட்டும் இவ்வளவு வேறுபாடு.

பிரிட்டன் அரசு 2023இல் வெளியிட்ட புதிய ஆய்வு இதைத் திருத்தி எழுதியது. இப்போதைய மின்சாரம் முன்பைவிடத் தூய்மையானது, இயந்திரங்களும் சிக்கனமானவை என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, துணி டயப்பரின் வெப்பமாக்கல் தாக்கம் எறியும் டயப்பரைவிட 25 விழுக்காடு குறைவு என்று அது கண்டது. எறியும் டயப்பரில் பெரும்பங்கு தாக்கம் ஆலையில் நேர்கிறது, துணி டயப்பரில் வீட்டில் நேர்கிறது. இதன் பொருள், எறியும் டயப்பர் வாங்குபவர் தன் பங்கைக் குறைக்கச் செய்யக்கூடியது அதிகமில்லை, துணி டயப்பர் வைத்திருப்பவர் செய்யக்கூடியது நிறைய என்பதே. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2021இல் பல ஆய்வுகளை ஒன்றாக அலசியபோதும், பொதுவாகத் துணியே மேல், ஆனால் துவைக்கும் விதத்தையும் மின்சாரத்தின் மூலத்தையும் பொறுத்து அது மாறும் என்ற இடத்துக்கே வந்து சேர்ந்தது.

தண்ணீரைப் பற்றி ஒரு சிறு கணக்கு. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியில் சுமார் 10,000 லிட்டர் நீர் செலவாகிறது. ஒரு துணி டயப்பரில் 150 கிராம் பருத்தி என்றால் 24 டயப்பருக்கு 3.6 கிலோ, அதாவது 36,000 லிட்டர். முன்சலவையும் சேர்த்து ஒரு சலவைக்கு 70 முதல் 100 லிட்டர் என்று வைத்தால், 450 சலவைக்கு 31,500 முதல் 45,000 லிட்டர். வீட்டுக் குழாயில் ஓடுகிற நீர் கண்ணில் பட்டு உறுத்துகிறது. ஏறக்குறைய அதே அளவு நீர் துணி வீட்டுக்கு வருமுன்பே வயலில் செலவாகிவிட்டது என்பது கண்ணில் படுவதில்லை. இரண்டாவது குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினாலோ, பிறர் பயன்படுத்திய தொகுப்பை வாங்கினாலோ மிச்சமாவது இந்த மறைந்த நீர். அதனால்தான், புதிய துணிகளைக் கண்ணுக்கு அழகாக இருக்கின்றன என்று நாற்பது ஐம்பது வாங்கிச் சேர்ப்பதை நான் எறியும் டயப்பரைவிடப் பெரிய பசுமைச் செயலாக நினைப்பதில்லை. தண்ணீர் பஞ்சத்தில் குடம் கணக்கில் அளந்து புழங்கும் வீட்டுக்கு இந்தச் சராசரிகள் எதுவும் பொருந்தாது. அங்கே துவைக்க நீர் இல்லையென்றால் துணி டயப்பரும் இல்லை.

இனி சலவை. துணி டயப்பரைக் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் துணியால் தோற்றவர்கள் அல்லர், தவறான சலவையால் தோற்றவர்கள் என்பது என் கணிப்பு. தாய்ப்பாலை மட்டுமே குடிக்கும் குழந்தையின் மலம் நீரில் கரைந்துவிடும், தனியாக அலச வேண்டியதில்லை. திட உணவு தொடங்கியபின் அதைக் கழிப்பறையில் உதறிவிட்டுத்தான் துணியை வைக்க வேண்டும். வாளியில் ஊறவைக்கும் பழைய வழக்கம் தேவையற்றது. அது நாற்றத்தைக் கூட்டும், எலாஸ்டிக்கைத் தளர்த்தும், தவழும் குழந்தை உள்ள வீட்டில் நீர் நிறைந்த வாளி ஆபத்தும்கூட. காற்றோட்டமான கூடையிலோ ஈரம் கசியாத பையிலோ உலர்வாகச் சேர்த்து, இரண்டு நாளுக்குமேல் விடாமல், முதலில் ஒரு சிறு முன்சலவை, பிறகு 60 டிகிரி செல்சியஸில் முழுச் சலவை என்று செய்ய வேண்டும். சலவைத்தூளைக் குறைத்துப் போடுவது குழந்தைக்கு நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நேர்மாறாக, போதிய தூள் இல்லாமல் அழுக்கு இழைகளில் தங்கி, ஈரம் பட்டதும் அம்மோனியா நெடி கிளம்புவதே அடிக்கடி நடக்கிறது. உப்புச்செறிவுள்ள கடினநீர் என்றால் இன்னும் கூடுதல் தூளோ, நீரை மென்மையாக்கும் பொருளோ வேண்டும்.

துணியை மென்மையாக்கும் திரவத்தை மட்டும் டயப்பருக்குக் காட்டவே கூடாது. அது இழைகளின்மேல் மெழுகுபோல் ஒரு பூச்சைப் படியவிட்டு உறிஞ்சும் திறனைக் கெடுத்துவிடும். குழந்தையின் தடிப்புக்குப் பூசும் துத்தநாக ஆக்சைடு, பெட்ரோலியம் களிம்புகளும் இதே வேலையைச் செய்யும். அவற்றைப் பூசும் நாளில் இடையில் ஒரு மெல்லிய விரிப்பை வைத்துவிடலாம். இயந்திரத்தின் உருளை முக்கால் அளவு நிறைந்திருந்தால்தான் துணிகள் ஒன்றோடொன்று உரசிச் சுத்தமாகும். நாலைந்தைப் போட்டுச் சுழற்றினால் அவை நீரில் நீந்திவிட்டு வெளியே வரும். வெயிலில் உலர்த்தினால் மஞ்சள் கறை தானாகவே வெளிறிவிடுகிறது. நீர்ப்புகா மேலுறையை மட்டும் கொதிநீரிலோ, சூடான உலர்த்தியிலோ, பிளீச்சிலோ போடக்கூடாது. அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பாலியூரித்தேன் படலம் உரிந்துபோனால் அந்த உறை வெறும் சட்டைத்துணிதான்.

துணி டயப்பர் என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் வகைகள் பல. மடித்துக் கட்டும் சதுரத் துணி எல்லாவற்றிலும் எளியது, விரைவில் காய்வது, நீண்டநாள் உழைப்பது. மடிக்கக் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆகும், மேலே ஒரு நீர்ப்புகா உறை வேண்டும். பைபோல் தைத்து உள்ளே திண்டு செருகும் வகை அடுத்து. எல்லாம் ஒன்றாகத் தைத்த வகை எறியும் டயப்பரைப்போலவே மாட்டுவதற்குச் சுலபம், ஆனால் காய்வதற்குள் மறுநாள் ஆகிவிடும். திண்டுகளில் மிக நுண்ணிய செயற்கை இழையான மைக்ரோஃபைபர் சட்டென்று உறிஞ்சும், அழுத்தினால் கசியவும் விடும், தோலின் ஈரப்பசையையும் உறிஞ்சிவிடுவதால் நேராகத் தோலில் படக்கூடாது. கஞ்சாச் செடி இனத்திலிருந்து எடுக்கும் நாரான ஹெம்ப் மெதுவாக உறிஞ்சும், ஆனால் நிறையத் தாங்கும். மேலே வேகமானதும் கீழே பொறுமையானதுமாக அடுக்குவது அனுபவசாலிகளின் முறை. புதுப் பருத்தியும் ஹெம்பும் ஐந்தாறு முறை துவைத்து இயற்கை எண்ணெய்ப் பசை போனபின்தான் முழுத் திறனைக் காட்டும். வாங்கிய அன்றே மாட்டிப் பார்த்து ஒழுகுகிறது என்று முடிவு கட்டுவது அவசரம்.

குழந்தையின் தோலுக்கு எது நல்லது என்ற கேள்விக்கு இரு தரப்பும் ஆணித்தரமாகப் பதில் சொல்லும். டயப்பர் தடிப்பு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் அந்த உறுதி கொஞ்சம் தளரும். சிறுநீரும் மலமும் கலக்கும்போது மலத்திலுள்ள பாக்டீரியாக்களின் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. தோலின் காரத்தன்மை கூடுகிறது. அந்தக் காரச்சூழலில் மலத்திலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகள் விழித்துக்கொண்டு தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. ஈரமும் உராய்வும் அதற்குத் துணைபோகின்றன. எறியும் டயப்பரின் பொடி ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கிவைப்பதால் இந்தத் தொடர் மெதுவாகிறது என்பது ஒரு பக்கம். ஈரம் தெரியாததால் மணிக்கணக்கில் மாற்றாமல் விடுகிறோம் என்பது மறுபக்கம். எறியும் டயப்பர் தடிப்பைத் தடுக்கிறதா என்று ஆராய்ந்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2006ஆம் ஆண்டு மதிப்பாய்வு, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. துணியானால் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது, எதுவானாலும் மலம் கழித்த உடனே மாற்றுவது, இந்த இரண்டும் பொருளைவிட முக்கியம்.

வேதிப்பொருள்கள் பற்றிய அச்சத்தைப் பொறுத்தவரை, பிரான்ஸின் உணவு, சுற்றுச்சூழல், தொழில்சார் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2019 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அங்கே விற்கப்பட்ட எறியும் டயப்பர்களில் சில நறுமணப் பொருள்கள், பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற நச்சு வேதிப்பொருள்கள், டையாக்சின் வகைகள் போன்றவை கண்டறியப்பட்டதையும், சிலவற்றின் அளவு சுகாதார வரம்பைத் தாண்டக்கூடும் என்பதையும் அது சுட்டிக்காட்டி, நறுமணப் பொருள்களை முற்றாக நீக்கும்படி கேட்டுக்கொண்டது. பசுமை டயப்பரில் நான் மெய்யாகவே மதிக்கும் அம்சம் இங்கேதான் இருக்கிறது. வாசனை, களிம்புப் பூச்சு, தேவையற்ற சாயம் இவை இல்லாத, குளோரின் படாத கூழில் செய்த டயப்பர், எங்கே போய் மக்கினாலும் மக்காவிட்டாலும், குழந்தையின் தோலுக்கு நியாயமான தேர்வு. மூங்கில் இலைப் படத்துக்காகக் கொடுக்கத் தயங்கும் பணத்தை இதற்காகக் கொடுக்கலாம். துணியிலும் சலவைத்தூளின் எச்சமும் வாசனையும் இருக்கக்கூடும். அங்கேயும் மணமற்ற தூளே வேண்டும்.

மலத்தைப் பற்றி ஒரு சொல். எறியும் டயப்பரின் உறைகளிலும், மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டுச் சுருட்டி எறியுங்கள் என்றே பொடி எழுத்தில் எழுதியிருக்கும். யாரும் செய்வதில்லை, நானும் செய்ததில்லை. துணி டயப்பர் வேறு வழியில்லாமல் இதைச் செய்ய வைக்கிறது. குப்பை பொறுக்குபவர்களையும் குப்பைமேட்டுக்கு அருகில் வசிப்பவர்களையும் நினைத்துப் பார்த்தால், இது கார்பன் கணக்கில் வராவிட்டாலும் துணிக்குச் சேரும் ஒரு மதிப்பெண்.

பணக் கணக்கை விலை சொல்லாமலே போடலாம். ஒரு பசுமை டயப்பரின் விலையிலிருந்து ஒரு துணி டயப்பரைத் துவைக்க ஆகும் மின்சாரம், நீர், தூள் செலவைக் கழித்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மிச்சமாகும் தொகை கிடைக்கும்; துணித் தொகுப்பின் முழு விலையை அந்தத் தொகையால் வகுத்தால், எத்தனையாவது மாற்றத்தில் முதலீடு திரும்புகிறது என்று தெரியும். பசுமை டயப்பர்கள் சாதாரண எறியும் டயப்பரைவிடப் பெரும்பாலும் விலை கூடியவை என்பதால், 5,300இல் பாதிக்கு முன்னரே அது திரும்பிவிடும் வீடுகளே அதிகம். ஆனால் துணிக்கு முழுத்தொகையையும் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும், எறியும் டயப்பருக்கு வாரம்தோறும் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவருக்கு மொத்தக் கணக்கின் லாபம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இந்தக் கணக்கில் எழுதப்படாமல் போவது உழைப்பு. துணி டயப்பர் நல்லது என்று வீட்டில் ஒருவர் தீர்மானிப்பதும், அதை 450 முறை துவைத்து, உலர்த்தி, மடித்து வைப்பது இன்னொருவராக இருப்பதும் சாதாரணமாக நடக்கிறது. அந்த இன்னொருவர் பெரும்பாலும் பிரசவத்திலிருந்து இன்னும் தேறாத தாய். இயந்திரம் இல்லாமல் கையால் துவைக்க வேண்டிய வீட்டில் இது இன்னும் கனமானது. யார் துவைப்பார் என்ற கேள்விக்குப் பெயர் சொல்லி விடை கிடைக்காதவரை துணி வாங்காதிருப்பதே நேர்மை. எங்கள் வீட்டில் இது என் வேலை என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டோம், அதனால்தான் நிலைத்தது என்று நினைக்கிறேன்.

ஆகவே இயந்திரமும், கொடி கட்ட இடமும், துவைக்க ஒரு மனிதரும் இருக்கும் வீட்டில் பகல் நேரத்துக்குத் துணியைத்தான் நான் பரிந்துரைப்பேன். கொடிக்கு இடமின்றி மின்னுலர்த்தியையே நம்பும் வீடு, நீர் அரிதான வீடு, இரு பெற்றோரும் களைத்துத் திரும்பும் வீடு இவற்றுக்கு வாசனையற்ற, குளோரின் படாத எறியும் டயப்பர் குற்ற உணர்வு தேவையில்லாத தேர்வு. டயப்பரைத் தனியாகச் சேகரித்து உரமாக்கும் சேவை இருக்கும் இடத்தில் மட்டும், அந்தச் சேவை எந்த வகையை ஏற்கிறது என்று கேட்டறிந்து, மக்கும் வகைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். துணி உறைக்குள் எறியும் திண்டை வைக்கும் கலப்பு வகை ஒன்றும் உண்டு. இரண்டின் சிரமமும் சேர்ந்தது என்பது என் அனுபவம், பயணத்தில் மட்டும் கைகொடுத்தது.

முழுமை தேடுவது இங்கே உதவாது. ஒரு நாளின் ஆறு டயப்பரில் நான்கு துணியாக இருந்தால் ஒரு டன் குப்பையில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிடுகிறது. இரவுக்கு எறியும் டயப்பர், முதல் வாரத்தில் கீல்போல் ஒட்டும் கருமலம் நிற்கும்வரை எறியும் டயப்பர், வயிற்றுப்போக்கு நாளிலும் பூஞ்சைத் தொற்றுக்குக் களிம்பு பூசும் நாளிலும் எறியும் டயப்பர், மற்றபடி துணி என்ற ஏற்பாடு பல வீடுகளுக்குப் பொருந்தும். குழந்தைக் காப்பகத்தில் விடும் எண்ணம் இருந்தால், அங்கே துணியை ஏற்பார்களா என்று தொகுப்பை வாங்குமுன் கேட்டுவிட வேண்டும். அழுக்குத் துணியை ஒரு பையில் போட்டு மாலையில் திருப்பித் தருவதற்குச் சில இடங்களில் சம்மதிப்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள்.

24ஐயும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டாம். வெவ்வேறு வகையில் மூன்றை வாங்கி இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்தால், குழந்தையின் தொடைக்கு எந்த எலாஸ்டிக் சரியாக உட்காருகிறது, உங்கள் கொடியில் எது ஒரே நாளில் காய்கிறது என்பது தெரிந்துவிடும். எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு ‘எல்லா வயதுக்கும் ஒரே அளவு’ என்று விற்கப்படுவது முதல் ஓரிரு மாதம் தொடையில் இடைவெளி விட்டு ஒழுகும். அதுவரை சதுரத் துணியோ எறியும் டயப்பரோ போதும். இரண்டாவது குழந்தைக்கு எடுக்கும்போது எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் தையற்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், உறையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. திண்டுகள் அதற்குப் பிறகும் உழைக்கின்றன; எங்கள் வீட்டில் சமையலறை மேடையைத் துடைப்பதற்கு இப்போதும் அவைதான்.